திருப்பிப் போட்ட பேட்டரி

மலை மீட்புக் குழுவின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்பவளை எல்லாரும் ‘லைட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்கால் மக்கர் பண்ணும்வரை அவளும் மலையேறியவள்தான். ஒருமுறை பைக்குள் பொத்தான் அழுந்தி, அவளுடைய தலைவிளக்கு பகல் முழுக்க உள்ளேயே எரிந்து தீர்ந்துவிட்டது. இருட்டில் தட்டுத்தடுமாறித்தான் இறங்கினாள். அன்றிலிருந்து விளக்கைப் பையில் வைக்குமுன் நடு பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவாள். பொத்தான் அழுந்தினாலும் எரியாது. வேண்டும்போது சரியாகப் போட்டுக்கொள்ளலாம். குழுவில் எல்லாருக்கும் இது பழகிப்போயிருந்தது.

பள்ளத்தில் ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று செய்தி வந்த அன்று, குழுத் தலைவர் சார்ஜ் போடும் புது விளக்குகளைக் கேட்டார்.

“அது நல்லா பளிச்சுன்னு இருக்கும்க்கா.”

“இருக்கும். தீந்துபோனா எந்தப் பாறையில கொண்டுபோய் சொருகுவ தம்பி?”

அவர் சிரித்துக்கொண்டே பழையதையே எடுத்துக்கொண்டார். குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும், மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள் என்றாள். கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த புது டாக்டரம்மாவுக்கும் ஒரு விளக்கைக் கொடுத்து அதைச் சொன்னாள். நடு பேட்டரியைத் திருப்பிப் போட்டிருப்பதை மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று.

அந்தி சாயும்போது வாக்கிடாக்கி கரகரத்தது. டாக்டர் மட்டும் கயிற்றில் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தாள்.

“அக்கா, லைட்டு எரியல! இவருக்கு ரத்தம் நிக்கல, எங்கேருந்து வருதுன்னே தெரியல.”

சொல்லாமல் விட்டது லைட் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. “அம்மா, பின்மூடியத் தொறங்க. நடுவுல இருக்கறத எடுத்துத் திருப்பிப் போடுங்க.”

“விரல் மரத்துப்போச்சுக்கா... ஐயோ, விழுந்துடுச்சு.”

“விடுங்க. சட்டைக்குள்ள இருக்கே, அதுல ஒண்ண எடுங்க. குமிழ் இருக்கற பக்கம் தடவிப் பாருங்க, பக்கத்துல இருக்கறதுக்கு எதிர்ப்பக்கமா போடுங்க.”

பதில் வர வெகுநேரம் ஆனது போலிருந்தது. பிறகு, “எரியுது” என்ற ஒரே சொல்.

அந்த மனிதரை மேலே தூக்கிவரும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. வெளிச்சம் தாமதமானதால்தானா என்று யாரும் பேசவில்லை.

அடுத்த பயணத்துக்குக் குழு கூடியபோது மேசைமேல் விளக்குகளைப் பரப்பினாள். அவரவரே கண்ணை மூடிக்கொண்டு பேட்டரியைத் திருப்பிப் போட்டு எரியவைத்துக் காட்டினால்தான் கொடுப்பேன் என்றாள்.

“என்னக்கா, கண்ணாமூச்சியா?” என்றார் தலைவர்.

அவள் ஒரு விளக்கை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு முதலில் உட்கார்ந்து, கண்களை மூடிக் கையை நீட்டினாள்.