பிள்ளையாரின் இரண்டு குன்றிமணிகள்

ஈரக் களிமண்ணில் குன்றிமணியைக் கட்டைவிரலால் அழுத்தும்போது "பச்சக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அதோடு எங்கள் வீட்டுப் பிள்ளையாருக்குக் கண் திறந்துவிடும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து, சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்தக் "குண்டுமணி"யைச் சதுர்த்திக்கு முதல் நாள் அம்மா இரண்டே இரண்டு பறித்து வருவார். "விஷம்டா, வாயில வைக்கக் கூடாது" என்பார். சாமி கண்ணில் விஷம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஒன்பது வயது. பிள்ளையாரை ஆற்றில் கரைக்கப்போகும் காலையில், அந்த அழகுக்கு ஆசைப்பட்டு இரண்டு கண்களையும் தோண்டி எடுத்துவிட்டு, குழிகளில் கறுப்பு உளுந்தைப் பதித்தேன். ஐந்து வயதுத் தங்கை மாலா பார்த்துவிட்டாள்.

"சாமி கண்ண நோண்டிட்டியாண்ணே? அம்மாகிட்ட சொல்லப்போறேன்லா."

அவள் வாயை அடைக்க ஒன்றைக் கொடுத்தேன். மிட்டாய்போல் வாயில் போட்டுக் "கடக்"கென்று கடித்து, முகத்தைச் சுளித்தபடியே விழுங்கிவிட்டாள்.

மறுநாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. சாயங்காலத்துக்குள் ரத்தமாகப் போனது.

"காய், விதை ஏதாச்சும் தின்னுச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"குண்டுமணி ரெண்டு இருந்துச்சு டாக்டர். அது சாமி கண்ணாவே ஆத்துல போயிருச்சு. இவ தின்னது தெருவுல ஐஸ் வண்டிக்காரர்கிட்ட வாங்குன ஐஸ் கச்சாங்தான்" என்ற அம்மா, என்னைப் பார்த்து, "வேற ஏதாச்சும் தின்னாளாடா?" என்றார்.

மற்றக் கண் அப்போது என் கால்சட்டைப் பையில் இருந்தது. "இல்லம்மா" என்றேன்.

கடித்து உடைத்த ஒரு மணியே உயிரைக் குடிக்கப் போதும் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆறு நாள் அவளுக்கு டிரிப்ஸ் ஏறியது. ஆறு நாளும் கோயிலில் கால் கடுக்கத் தோப்புக்கரணம் போட்டேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. பிழைத்து வந்தாள். அம்மா நடுத்தெருவில் ஐஸ்காரரை நிற்கவைத்துத் திட்டினார். அந்த மனிதர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார், பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை.

அந்த வேலி இருந்த இடத்தில் இப்போது கொண்டோமினியம். பிள்ளையார் கடையிலிருந்து வருகிறார், கண் பெயின்டில். அம்மாவும் இல்லை. இந்தச் சதுர்த்திக்குச் சுபாங் ஜெயாவிலிருந்து வந்த மாலாவிடம் அவள் மகள் ஐஸ் கச்சாங் கேட்டாள்.

"வேணாம்லா. மாமாவ வேணா கேளு, சின்ன வயசுல அத தின்னுட்டு நான் சாகப் பார்த்தேன்" என்று மாலா என்னைச் சாட்சிக்குப் பார்த்தாள்.

"அது ஐஸால இல்லம்மா" என்றேன் மாலாவிடம். சாமி மேடையின் அடியில் இத்தனை வருஷம் டப்பாவில் பூட்டி வைத்திருந்த மற்றக் கண்ணை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன்.