சேமக்காலை வேலிக்கு வெளியே

எங்கள் ஊரில் என்னை 'நீச்சல் படித்தவன்' என்பார்கள். கடற்கரையில் பிறந்தவனுக்கு நீச்சல் படிக்கப் பல்கலைக்கழகமா என்று கேலி வேறு. உடம்பு உழைக்கும்போது மூச்சும் இதயமும் என்ன செய்கின்றன என்பதே என் படிப்பு என்று விளங்கப்படுத்தி அலுத்துவிட்டேன். ஏன் அதைப் படித்தேன் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணைதான் காரணம். முல்லைத்தீவுக் கரையில் அவரைப் போல மூச்சடக்கிச் சுழியோட ஆள் கிடையாது. வேதக்கோயில் பெருநாளுக்கு இளந்தாரிகள் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குத் தண்ணீருக்குள்ளாலேயே போகும் போட்டி நடக்கும். குதிக்குமுன் புசுபுசுவென்று வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுவது எங்கள் கரைப் பழக்கம். அப்படிச் செய்தால் நெஞ்சு நிறையக் காற்றுச் சேரும் என்று எல்லாரும் நம்பினோம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பெருநாளுக்கு முன், பழகப் போன அண்ணை நடுவழியில் தாழ்ந்துபோனார். பக்கத்து வள்ளத்தில் நின்றவர்கள் தூக்கியபோது உயிர் இல்லை.

"அவன் கத்தேல்லை, கையைக்கூடத் தூக்கேல்லை" என்றார்கள் அவர்கள். அது உண்மைதான். மிச்சத்தை ஊர் கட்டிவிட்டது. அந்த மாதம் அண்ணையின் கலியாணப் பேச்சுக் குழம்பியிருந்தது.

"நீந்தத் தெரிஞ்சவன் சும்மா தாழுவானோ? தானாப் போனவன்தான்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவரவர் கரைவலை இழுக்கப் போய்விட்டார்கள். தற்கொலை என்றால் பூசை இல்லை, கோயில் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் இடமும் இல்லை. அண்ணையை வேலிக்கு வெளியே பற்றைக்குள் குழி வெட்டித் தாட்டோம். அந்த ஊர்மீது எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

கொழும்பில் பல்கலைக்கழகத்துக்காக நீந்திக் கிண்ணங்கள் வாங்கினேன். ஒன்றும் இனிக்கவில்லை. பிறகு வெளிநாட்டில் ஆய்வு. நீச்சல்காரர் விடும் மூச்சை றப்பர்ப் பையில் பிடித்து அளப்பது என் வேலை. ஒருநாள் நல்ல பலசாலி ஒருவன் குதிக்குமுன் எங்கள் கரைப் பெடியன்களைப் போலவே புசுபுசுவென்று மூச்சுவிட்டான். பாதித் தூரத்தில் அசைவில்லாமல் தாழ்ந்தான். கத்தவில்லை, கை தூக்கவில்லை. உடுப்போடு பாய்ந்து இழுத்தெடுத்தேன். கண் விழித்தவனுக்குத் தான் மயங்கியதே தெரியவில்லை.

மூச்செடு என்று நம்மை நெருக்குவது உள்ளே சேரும் காபனீரொட்சைட்டு என்ற கரியமிலவாயு. வேகவேகமாக மூச்சுவிட்டால் அது வெளியேறிவிடும், நெருக்கல் வராது. பிராணவாயு தீர்வது தெரியாமலே மனிதன் மயங்கிவிடுவான். பேராசிரியர் இதை விளக்கிக்கொண்டிருக்க, நான் நீச்சல் குளத்து ஓரத்தில் ஈரத்தோடு இருந்து குழறி அழுதேன்.

அறுபதுகளின் நடுவில் ஊருக்கு வந்தேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் சுவாமியாரிடம் பேசி அண்ணையைச் சேமக்காலைக்குள் கொண்டுவருவேன் என்றும் சொன்னேன். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

"அப்ப, எங்களை விட்டிட்டுப் போக அவன் நினைக்கேல்லையோ?"

"இல்லையம்மா. மயங்கினதே அண்ணைக்குத் தெரிஞ்சிராது."

அம்மா வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"பெத்தவளை நினைக்காமல் போயிட்டானெண்ட கோவத்திலை, தம்பி, இவ்வளவு காலமும் நான் அவனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தேல்லை."