தம்போய்க்காரியின் பனிச்சறுக்கு

பனிமலை உச்சியிலிருந்து, நட்டு வச்ச கம்புகளைச் சுத்திச் சுத்தி வேகமா இறங்குறதுதான் என் தொழில். பனியே விழாத எங்க ஊர் தம்போயில நின்னு அதை விளக்குறதுதான் பெரும்பாடு. பார்க்கிற வேலையைச் சொந்தக்காரங்களுக்குப் புரியவைக்க முடியாம முழிக்கிற அன்பர்களே, நானும் உங்க கட்சிதான்.

மலேசியாவோட பெண்கள் சாம்பியன் நான். ரொம்ப மலைச்சுப் போகாதீங்க, போட்டிக்கு வந்ததே ரெண்டு பேர். இன்னொருத்தி விழுந்துட்டா. ஆனா வெளிநாட்டுப் பந்தயம் ஒண்ணையாவது முழுசா முடிச்சாத்தான் உலகப் போட்டிக்கு என் பேர் போகும். இந்தப் பருவம் வரைக்கும் நான் அப்படி ஒண்ணைக்கூட முடிச்சதில்ல. பாதியிலேயே விழுந்துடுவேன்.

காடியில் ஏறிய பலகை

ஏர்போர்ட்டுக்குப் போக எங்க தெரு டாக்சிக்காரர் மணியண்ணனோட வாடகைக் காடியைக் கூப்பிட்டேன். சறுக்குப் பலகை வச்ச பை என்னைவிட நீளம். பின் சீட்டுல ஆரம்பிச்சு அவர் காதோரம் வந்து நின்னுச்சு. வழியெல்லாம் ஒரே விசாரணை. மோட்டர் இருக்கான்னார், இல்லண்ணே என்றேன். பிரேக்? அதுவும் இல்ல. அடுத்த சிக்னல்ல காடியை நிறுத்தினவர், மெதுவாத் திரும்பிக் கேட்டார்:

"ரோட் டேக்ஸாவது இருக்கா லா?"

அயர்ன்

பலகை நல்லா வழுக்கணும்னா அடியில மெழுகை உருக்கி ஊத்தி, அயர்ன் பெட்டியால தேய்க்கணும். ஒருதடவை லீவுல ஊருக்கு வந்தப்போ வாசல்ல உட்கார்ந்து அதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தேன். பக்கத்து வீட்டு சரசு அக்கா வேலிக்கு மேல எட்டி எட்டிப் பார்த்தாங்க. கடைசியில பொறுக்க முடியாம வாயைத் திறந்தாங்க:

"அலமாக், உன் சட்டை கசங்கிக் கிடக்கு, பலகைக்கு அயர்னா? அது எந்தக் கல்யாணத்துக்குப் போகுது?"

கடைசிப் பந்தயம்

இந்தப் பருவத்தோட கடைசிப் பந்தயம். இதையும் விட்டா உலகப் போட்டி கனவுதான். பாதி மலையில சறுக்கி விழுந்தேன், ஒரு கம்பு தப்பிப் போச்சு. ஒண்ணு விட்டாலும் முடிச்சதாச் சேராது. அடுத்த ஆள் என்னைத் தாண்டுறதுக்குள்ள மேல ஏறிப் போய் அதைச் சுத்திட்டு வரலாம், அவ்வளவுதான் வழி. பலகையைக் குறுக்க வச்சு, நண்டு மாதிரி பக்கவாட்டுல ஏறினேன். அழுகையா வருது. ஏறி, சுத்தி, இறங்கி, கடைசி ஆளா வந்து சேர்ந்தேன். ஆனா முடிச்சுட்டேன்! பயிற்சியாளர் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். உலகப் போட்டிக்கு என் பேரும் போயிடுச்சு.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். ஃபேக்டரி கேன்டீன்ல கூட்டாளிங்களோட உட்கார்ந்து போன்லயே பந்தயத்தை முழுசாப் பார்த்திருக்காங்க. ஜெயிச்சேனா தோத்தேனான்னு கேட்கல.

"எல்லாரும் சர்ருன்னு கீழ வர்றாங்க, நீ மட்டும் ஏன்டி மேல போன? எதையாவது விட்டுட்டு வந்துட்டியா?"

இறங்குறதுக்குன்னே வருஷக்கணக்காப் பயிற்சி எடுத்து, ஏறினதால உலகப் போட்டிக்குப் போற சாம்பியன் எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்திதான்.