வாத்துத் தாளின் பின்பக்கம்

மர்ம நாவல் ஒன்று கைக்கு வந்ததும் ஷேக் பரீது முதலில் செய்யும் வேலை, அதன் கடைசிப் பக்கங்களைத் தைத்துவிடுவது. பீடி கட்டும் நூலை ஊசியில் கோத்து, ஓரத்தில் நாலைந்து தையல் போட்டு முடிச்சிடுவார். கொலைகாரன் யாரென்று அவசரப்பட்டுப் பார்த்துவிடக் கூடாதாம். "எனக்கு எம்மேலயே நம்பிக்கை இல்லங்க. கண்ணு தானாப் பின்னாடி ஓடும்" என்பார். முக்கால்வாசி படித்த பிறகு, தான் சந்தேகப்படும் ஆளின் பெயரைப் பீடி இலைத் துண்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் தையலைப் பிரிப்பார். ஊகம் சரியாகிவிட்டால் அன்று முழுக்க முகம் தொங்கிவிடும். "நானே கண்டுபிடிச்சிட்டேன்னா அப்புறம் அவன் என்ன எழுத்தாளன்?"

வாடகைப் புத்தகக் கடைக்காரர் ஊசி ஓட்டைகளைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார். தும்மலைத்தான் பொறுக்க முடியவில்லை. பரீது படித்துத் திருப்பிய புத்தகத்தைத் திறந்தால் புகையிலைத் தூள் பறக்கும்.

திருக்கோகர்ணம் போகிற சாலையில், சமஸ்தான காலத்தில் குதிரை வண்டிகள் நின்ற கொட்டகையில் இப்போது பீடிக் கம்பெனி நடக்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம். ரங்கூன், பினாங்கு, கல்கத்தா என்று சில வருஷங்கள் சுற்றிவிட்டு வந்த எனக்கு வீட்டுக்குள் உட்காரப் பழக்கமில்லை. சுவருக்கு அப்பால் யாரோ உரக்க வாசிக்கிற குரல் கேட்டு, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனேன். இலை வெட்டும் பெண்கள் தங்கள் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து இடம் கொடுத்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். ஒருவர் மட்டும் சுற்றாமல் பத்திரிகை வாசிப்பார். அதனால் அவர் கூலி கெட்டுவிடக் கூடாது அல்லவா? வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் தான் சுற்றியதில் ஒரு பிடியை அள்ளி அவர் முறத்தில் போடுவார்கள். காலையில் தினசரி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடர்கதை. வாசிக்கிற வேலை பரீதுடையது. ஒல்லியான ஆள், முப்பது வயதிருக்கும். பீடி சுற்றுவதும் எழுதுவதும் இடக்கையால். பேய் வருகிற இடத்தில் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். கேட்கிறவர்கள் மடியில் முறத்தோடு இம்மி இம்மியாக அவர் பக்கம் நகர்ந்து வருவார்கள்.

அவரும் நாவல் எழுதுகிறார். லேபிள் அச்சடிக்கையில் மை கலங்கிக் கழிந்துபோன தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுத்தெல்லாம். முன்பக்கத்தில் கம்பெனியின் அடையாளமான வாத்து வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் கேட்டுவிட்டு அவர் மனைவி நூர்நிஷா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "செத்தவருக்குப் பிள்ளகுட்டி இருக்கா?" இருக்கிறது என்றால் அன்றைக்குச் சட்டி பானை எழுப்பும் சத்தமே வேறாம். ஆகவே பரீதின் கதைகளில் கொலையாகிறவர்கள் எல்லோரும் கட்டைப் பிரம்மச்சாரிகள்.

கதைகள் நடப்பது மதராஸில். திருச்சியைத் தாண்டி அவர் போனதில்லை. நான் ஊர் சுற்றியவள் என்று தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"லிப்ட்டுக்குள்ள ஒரு ஆளு கத்துனா வெளிய கேக்குமாங்க?"

"நன்றாகக் கேட்கும்" என்றேன்.

"கேக்கக் கூடாதே" என்று யோசனையோடு போனார். மறுநாள் வந்து, "சாகப்போறவன ஊமையாக்கிட்டேன்" என்றார்.

போன வருஷம் ஒரு முறை, தன் கதை என்று சொல்லியே கொட்டகையில் வாசித்துப் பார்த்தாராம். சுற்றுகிறவர்களில் மூத்தவரான இன்னாசி, "நீ எழுதுனதுக்கெல்லாம் பீடி போட முடியாது தம்பி. அச்சுல வந்தாக் கொண்டா" என்று சொல்லிவிட்டார். ஒருவரும் பிடி போடவில்லை. இலை வெட்டும் ராக்காயி சும்மா விடுகிறவள் இல்லை. "கொடைய எங்க வச்சோம்னு தெரியாத ஆளு, கொலகாரனக் கண்டுபிடிக்கப் போறாராக்கும்" என்றாளாம்.

ஆனால் இந்த மழைக்காலத்தில் கொட்டகையே ஆவலோடு கேட்டுவந்த தொடர்கதை அவருடையதுதான். முதலில் அது எனக்கு மட்டும் தெரிந்தது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு, வாரப் பத்திரிகையின் நடுவே வாத்துகள் தெரிந்தன. வேலை முடிந்து வெளியே வரும்போது கேட்டேன். பத்திரிகையை அவசரமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சொல்லிராதீங்க. ஏமாத்திட்டான்னு வாசிக்கிற வேலையவே பறிச்சுருவாங்க. கத முடியுற மட்டும் கேக்கட்டும். இவுங்களுக்குப் பிடிச்சாத்தான் மெட்ராசுக்கு அனுப்புவேன்."

நான் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் ஏற்படவில்லை.

போன வாரம் கதையில் இன்ஸ்பெக்டர், பூட்டிக் கிடந்த லிப்ட்டைத் திறக்கச் செய்து உள்ளே குனிந்தார். ஊமையின் பிணத்துக்கு அருகே அணைந்த பீடி ஒன்று கிடந்தது. பரீது குரலைத் தாழ்த்தினார்: "இன்ஸ்பெக்டர் பீடியின் நூலைப் பிரித்தார். நூல் வழக்கத்துக்கு மாறான பக்கமாக ஓடியது. இலையின் ஈரம் வடியுமுன்பே சுற்றியதால் ஓரம் சுருங்கியிருந்தது. 'இதைச் சுற்றியவன் இடக்கைக்காரன்' என்றார் அவர்."

இன்னாசியின் கை நின்றது. பிறகு அந்த வரிசையில் எல்லாக் கைகளும் நின்றன.

"இரு" என்றார் இன்னாசி. "மெட்ராஸ்ல பங்களாவுல ஒக்காந்து எழுதுறவனுக்கு, ஈர எலை சுருங்குறது எப்படித் தெரியும்? இத எழுதுனவன் பீடி சுத்துறவன்."

"எடது கையில சுத்துனா நூலு எங்கிட்டு ஓடும்னு வேற தெரிஞ்சு வச்சிருக்கான்" என்றாள் ராக்காயி. "எனக்குத் தெரிஞ்சு அப்படிச் சுத்துற ஆளு ஒருத்தருதான்."

அவள் எழுந்து வந்து, பத்திரிகையின் மேல் விளிம்பை ஒரு விரலால் சாய்த்தாள். வாத்துகள் வெளியே வந்தன.

"கொலகாரன் ஆப்டுக்கிட்டான்" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்து அடங்கியது.

பரீது சிரிக்கவில்லை. "தப்புத்தாண்ணே" என்றார். தாள்களை ஒழுங்குபடுத்திப் பத்திரிகைக்கு அடியில் தள்ளினார். ஓரமாகக் கிடந்த தன் முறத்தை இழுத்து மடியில் வைத்து, இலை ஒன்றை எடுத்துத் தூளைப் பரப்பினார். இடக்கை சுற்றத் தொடங்கியது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னாசியும் சுற்றத் தொடங்கினார். ஒரு பீடி முடிந்தது. அடுத்ததற்கு நூலை எடுத்தவர் நிறுத்தினார்.

"லிப்ட்டு பூட்டியில்ல கெடந்துச்சு? அந்த எடதுகைக்காரன் எப்படி உள்ள போனான்?"

பரீது தலை நிமிரவில்லை. "அது நாளைக்கு வர்ற அத்தியாயம்ணே."

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

"பெறகு என்ன நாளைக்கு" என்றாள் ராக்காயி. பாதி சுற்றிய பீடியோடு அவர் மடியிலிருந்த முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் இன்னாசியின் முன்னால் வைத்தாள்.

பரீது இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை. இன்னாசி தன் முறத்திலிருந்து ஒரு பிடி பீடியை அள்ளிப் பரீதின் முறத்தில் போட்டார்.