லுங்கி சுற்றிய பலகை

பனி கொட்டும் வெளிநாட்டு ஊரான கார்ஹிங்கில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். காதை மூடிய கம்பளித் தொப்பியும் பனி ஒட்டிய மீசையுமாகத்தான் அவர் நினைவுக்கு வருகிறார்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து ஊரில் பனியின் பாரம் தாங்காமல் ஒரு கொட்டகையின் கூரை இறங்கிவிட்டது. அதன் பிறகு தினமும் காலையில் அவர் தரையில் நின்றபடியே, நீண்ட கழியில் பொருத்திய பலகையால் தன் வீட்டுக் கூரைப் பனியை இழுத்துத் தள்ளுவார். பாரம் ஒரே பக்கம் சாயாதபடி இந்தப் பக்கம் கொஞ்சம், பிறகு சுற்றிப்போய் அந்தப் பக்கம் கொஞ்சம். பலகையில் பழைய லுங்கி ஒன்றைச் சுற்றியிருப்பார்.

"ஓடு உடையக்கூடாதுன்னுதான் லுங்கி சுத்தியிருக்கீங்களா அண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓடு உடைஞ்சா மாத்தலாம் தம்பி. மனிசி இரவு வேலை முடிச்சு வந்து இப்பத்தான் படுத்தவ. சத்தம் கேட்டா எழும்பிடுவா. மெல்லமாக் கதையுங்கோ."

சொல்லிவிட்டு மறுபடி கூரை விளிம்பைப் பார்த்து இழுக்கத் தொடங்கினார். நான் தற்செயலாக நிமிர்ந்தேன். ஓரத்து ஜன்னலில் திரையை விலக்கிக்கொண்டு, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் அவர் மனைவியான அக்கா நின்றிருந்தார். சரிகிற பனி கணவர்மேல் விழுந்துவிடுமோ என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "ஆமாண்ணா, அக்கா நல்லாத் தூங்கட்டும்."