ஓட்டையைப் படமெடுத்துக்கொண்டு வாங்கோ

செருப்பு விற்பதுபோல இலேசான வேலை என்று நினைத்துத்தான் மானிப்பாயில் எங்கள் போன் கடையில் கேம் விளையாடும் ஹெட்செட்டும் விற்கத் தொடங்கினேன். செருப்பைக் கடையிலேயே காலில் போட்டுப் பார்க்கலாம். ஹெட்செட்டின் வயர் பொருந்துமா என்பது வீட்டுக்குப் போனபிறகுதான் தெரியவரும். விற்ற சாமான் திரும்பி வருமோ என்று வாசலையே பார்த்திருக்கிற கடைக்காரருக்கு என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

என் கணவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: "உது திரும்பித் திரும்பி வந்தால், உந்த அலுமாரியிலை பேக்கரிப் பணிஸ் வைச்சு விப்பம்." அலுமாரியை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

வெளிச்சம்

முதலில் திரும்பி வந்தவர் பக்கத்து ஒழுங்கைத் தம்பி. அவர் வாங்கியதில் இரண்டு வயர்கள். யூஎஸ்பி வயர் காதுப்பக்கம் விளக்கு எரிய மட்டும். சத்தம் வருவது உருண்டைப் பின்னில். அது எனக்கும் அப்போது தெரியாது. தம்பி யூஎஸ்பியை மட்டும் குத்திவிட்டு இரவிரவாகக் காத்திருந்திருக்கிறார். சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் மாறிமாறி எரிந்ததாம்.

"அக்கா, உது ஹெட்செட்டோ, கோயில் சோடினையோ?"

அரைவாசி

அடுத்தவர் ஒரு தங்கச்சி. புருசன் கனடாவில். இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே கேம் விளையாடுவார்கள். நான் கொடுத்ததில் ஒரே ஒரு பின், அதில் மூன்று கறுப்பு வளையம். அப்படியென்றால் கேட்கவும் கதைக்கவும் அந்த ஒன்றே போதும். ஆனால் அவருடைய கொம்பியூட்டரில் கேட்பதற்கு ஒரு ஓட்டை, கதைப்பதற்கு இன்னொன்று. புருசன் சொன்னது இவருக்குக் கேட்டது. இவர் சொன்னது அங்கே போகவில்லை. ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் குட்டை வயர் ஒன்றை அவசரமாகத் தேடிக் கொடுத்தேன்.

"அவசரமில்லை அக்கா. என்ரை சத்தம் இல்லாமல் அவர் நல்ல சந்தோசமா விளையாடினவர்."

இரைச்சல்

வல்வெட்டித்துறை அண்ணை ஒருவருக்குக் கடலுக்குப் போகாத நாட்களில் கேம்தான். பின் குத்தினால் காதுக்குள் வள்ள எஞ்சின்போல இரைகிறது என்றார். யூஎஸ்பி ஹெட்செட்டுக்குச் சத்தத்தை உருவாக்கும் சிப் அதற்குள்ளேயே இருப்பதால் இரைச்சல் குறையும் என்று அதற்குள் படித்து வைத்திருந்தேன். மாற்றிக் கொடுத்தேன். பெருமையாகவும் இருந்தது. அடுத்த கிழமை போனையும் ஹெட்செட்டையும் மேசையில் வைத்தார்.

"முதல் தந்தது இரைஞ்சுது, இது போனுக்குள்ளை பூருதில்லை. இரையாமல் பூருற ஒண்டு உன்னட்டை இருக்கோ, பிள்ளை?"

புதுச் சட்டம்

அன்று பின்னேரம் என் கணவர் அலுமாரியின் அகலத்தை அளந்தார். கடதாசியில் எழுதி ஒட்டினேன்: எதில் குத்தப் போகிறீர்களோ, அந்த ஓட்டையைப் படமெடுத்துக்கொண்டு வாங்கோ. படம் இல்லையென்றால் ஹெட்செட் இல்லை.

முதலில் அகப்பட்டது உரும்பிராய்ச் சனசமூக நிலையத்துப் பெடியள். சனிக்கிழமை கேம் போட்டி, ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி விளக்கு எரிகிறதாக வேண்டுமாம். படம் கேட்டேன். கணவர் பின்னால் நின்று, "குடுத்துவிடன்" என்றார். கொடுக்கவில்லை. அவர்களின் கப்டன் சிரித்துக்கொண்டு படியிறங்கினார்.

"வாங்கோடா, அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு வருவம்."

மேசைக்குப் பின்னால்

அவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்த நாள் மத்தியானம் கணவரைக் கடையில் இருத்திவிட்டு, எல்லா விதத்திலும் சிலதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நிலையத்தில் ஐந்து மேசைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்து பார்த்தேன். இரண்டு மடிக்கணினிக்கு ஒரே ஓட்டை; பின் நேராகப் போனது. இரண்டு பழைய கொம்பியூட்டருக்குப் பிரிக்கும் வயர். மிஞ்சியதில் ஓட்டையே உடைந்திருந்தது, அதற்கு யூஎஸ்பி. ஐந்தும் ஐந்து நிறம். பெடியள் முகத்தைச் சுழித்தார்கள். ஒவ்வொருவரும் கதைத்து, மற்றவருக்குக் கேட்கிறதென்று சொன்னபிறகே எழும்பினேன்.

ஞாயிறு முழுக்க வாசலைப் பார்த்தபடி இருந்தேன். திங்கள் காலையில் கப்டன் வந்தார், கையில் ஒன்றும் இல்லாமல்.

"தோத்திட்டம், அன்ரி. ஆனால் ஆர் பிழை விட்டதெண்டு ஐஞ்சு பேருக்கும் வடிவாக் கேட்டுது."

அலுமாரி இப்போதும் என்னுடையதுதான், ஆனால் காதுக்கு மாட்டுகிற சாமான் விற்க வந்த நான் கண்ட ஆட்களின் மேசைக்குக் கீழெல்லாம் தலையை விட்டு, இடுப்பில் நாரிப்பிடிப்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறேன்.