பொட்டு வைத்த முள்கரண்டிகள்

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த புதிதில் எனக்கு ஓரிடத்திலும் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம், ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள் நான். இங்கே கிணற்றுத் தண்ணீர் கரித்தது. காற்றும் கரித்தது. கொடியில் காய்ந்த சேலையை எடுத்து உடுத்தினால் அதுவும் பிசுபிசுவென்று உடம்பில் ஒட்டியது. மாடிக்குப் போவேன், இறங்குவேன், அடுக்களைக்குள் நுழைந்து எதற்கு வந்தோம் என்று மறந்துபோய் நிற்பேன். மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் கடல் தெரியும். கரைப்பக்கம் ஆழம் போதாது என்று கப்பல்கள் வெகுதூரத்திலேயே நின்றுகொள்ளும். ஆளும் சரக்கும் படகிலும் தோணியிலும்தான் அதுவரைக்கும் போகவேண்டும். அந்தக் கப்பல்களில் ஒன்றில் ஏறிக் கொழும்புக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அப்போது எனக்கிருந்த ஆசை.

வெறும் பகல் கனவு இல்லை அது. என் புருஷன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். யுத்தம் முடிந்த கையோடு கம்பெனியின் கொழும்பு ஆபீஸுக்கு இங்கிருந்து ஒருவரை அனுப்பப் போகிறார்கள், குடும்பத்தோடு இருக்க வீடும் தருகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. இவரை அனுப்பலாமா என்று துரை யோசித்துக்கொண்டிருந்தார். இதை மாமியாரிடம் சொன்னபோது அவள் "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். அவள் புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, இருப்பது ஒரே மகன். இவள் விடமாட்டாள் என்று அன்றைக்கே முடிவுகட்டி, மனதுக்குள் அவளோடு சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் துரையும் துரைசானியும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள் என்று இவர் மூச்சிரைக்க வந்து சொன்னார். இந்த ஊர்க்காரர்களின் வீட்டை உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்று துரைசானிக்கு ஆசையாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பாடு நன்றாக அமைந்து, துரையின் மனம் குளிர்ந்துவிட்டால் கொழும்பு கையில் வந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

அவர்கள் கையால் சாப்பிடமாட்டார்களே என்று யாரும் கவலைப்படவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. என் மாமனார் அதே கம்பெனியில் துபாஷாக, துரைமாரின் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்பவராக இருந்தவர். யுத்தத்துக்கு முன்னால் இருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. உள்ளே நீல வெல்வெட்டுத் துணியில் கரண்டி, முள்கரண்டி, கத்தி எல்லாம் வரிசையாகப் படுத்திருக்கும். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியவை. எங்களில் யாருடைய வாயும் அவற்றைத் தொட்டதில்லை. பொன் என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் அது லட்சுமி என்று சொல்லி, அத்தை அந்தப் பெட்டியைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றியதும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றின் பிடியிலும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். உலகத்தில் முள்கரண்டிக்குச் சூடம் காட்டிய வீடு எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

பெட்டியைக் கேட்டதும் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏளா, சாமி மாடத்துல இருக்கத எடுத்து மீனு திங்கக் குடுக்கச் சொல்லுதியா? பொன்ன வாயில வச்சு எச்சி பண்ணவா?"

"அது திங்கதுக்குன்னு செஞ்சதுதான் அத்த."

"அவுக ஊருல செஞ்சிருப்பாவ. இங்கன வந்தப்புறம் அது சாமில்லா."

மகன் வந்து கெஞ்சிய பிறகுதான் இறங்கி வந்தாள். சாப்பாடு முடிந்ததும் மஞ்சள் தண்ணீரில் கழுவித் திரும்பவும் மாடத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டாள்.

சனிக்கிழமை காலையில் பெட்டியை முற்றத்து வெளிச்சத்தில் திறந்தேன். முந்தின நாள் வெள்ளிக்கிழமை வைத்த பொட்டுகள் அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, என் தாலிச் சங்கிலியை அலசுவதுபோலவே ஒவ்வொன்றாக நுரையில் அலசினேன். எடுத்த மறுநிமிஷம் பழைய மல் வேட்டிக் கிழிசலால் ஒற்றித் துடைத்தேன். இந்த ஊர்க் காற்றில் ஈரத்தோடு விட்டுவிட்டால் எந்த உலோகமும் உருப்படாது. பொட்டு கரைந்து போனது. போன இடத்தில் இன்னொரு பொட்டு இருந்தது, கறுப்பாக.

ஒன்றில் மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். எல்லாவற்றிலும், பிடியில் அதே இடத்தில், அதே அளவில்! வாராவாரம் ஈரச் சந்தனம் வைத்து, அடுத்த வாரம் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்ததில் முலாம் தேய்ந்து அடியில் இருந்த வெள்ளி கறுத்துப் போயிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கும்பிட்டுக் கும்பிட்டே கெடுத்து வைத்திருக்கிறாளே என்று பல்லைக் கடித்தேன்.

அத்தை எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்ப் புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குத்துவெளக்கு கறுத்தா இதத்தான் போடுதோம். தள்ளு, நான் தேய்க்கேன்."

"ஐயோ அத்த, தொடாதிய! மிச்சமிருக்க பொன்னும் போயிரும்!"

என் சத்தத்தில் காக்கை பறந்தது. மாமியாரிடம் அதுவரை அப்படிக் கத்தியதில்லை. அவள் கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு, கறுத்த பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். விபூதி போட்டுப் பார்க்கலாமா என்று எனக்கும் கை பரபரத்தது. வெள்ளிக்கு அது சரி, இந்த மெல்லிய பூச்சு அதைத் தாங்காது என்று விட்டுவிட்டேன். அன்று முழுக்கப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். முட்டை பட்டால் வெள்ளி கறுக்கும் என்று முட்டைக் குழம்பை நிறுத்தினேன். எலுமிச்சம்பழத்தையும் இலையிலிருந்து விரட்டினேன். எப்படியும் சாப்பிடும்போது பிடி அவர்கள் கைக்குள் மறைந்துவிடும் என்று எனக்கு நானே தேறுதல் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துரைசானி உட்கார்ந்தாள், முள்கரண்டியைத் தூக்கினாள், கண்ணுக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள். சோற்றில் கைவைக்கும் முன்பே கேட்டுவிட்டாள், எல்லாவற்றிலும் இது என்ன அடையாளம் என்று. இவர் மென்று விழுங்கினார். நான் கதவோரம் நின்றிருந்தேன். விஷயத்தை இவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அத்தை, கூசாமல் முன்னால் வந்து நின்றாள்.

"முந்தி இருந்த தொர எம் புருசனுக்குக் குடுத்தது. பொன்னுல்லா. வெள்ளிக்கெழமதோறும் பொட்டு வச்சுக் கும்பிடுதோம். அந்தத் தடந்தான்னு சொல்லுய்யா."

இவர் இங்கிலீஷில் சொன்னார். துரைசானி முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். துரையும் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள், இன்னும் கொஞ்சம் மீன் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்குச் சிறகு முளைத்தது. கொழும்பு வீட்டு வாசலில் கோலம்கூடப் போட்டுவிட்டேன்.

புறப்படும்போது துரை இவர் தோளில் கைவைத்து நெடுநேரம் பேசினார். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பிய பிறகு இவர் உள்ளே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என்னத்தான் அனுப்பணும்னு இருந்தாராம். கொடுத்த ஒரு பொருளையே இப்படி வச்சுக் கும்பிடுத தாய்கிட்டருந்து மகனப் பிரிச்சா பாவமாம். வேற ஆள அனுப்புதாராம். கடைசி வர இங்கனயே எனக்கு வேல உண்டுன்னு கைகுடுத்துட்டுப் போறாரு."

நான் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன். எச்சில் கரண்டிகளை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டேன். ஜெயித்துவிட்டாள், சாமியைக் கும்பிட்டே ஜெயித்துவிட்டாள் என்று உள்ளுக்குள் கொதித்தது.

அத்தை வந்து எதிரில் உட்கார்ந்து மல் துணியை எடுத்துக்கொண்டாள். நான் அலசி வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்து, என்னைப் பார்த்துப் பழகியபடியே ஒற்றி ஒற்றித் துடைத்தாள். மஞ்சள் தண்ணீர் கேட்கவில்லை.

"ஒங்க மாமா இருக்கயில எத்தன பேரக் கப்பலேத்தி விட்டிருப்பாக. என்னயும் ஒருக்கா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. போயே சேந்துட்டாக" என்றாள். "நீ கொழும்புன்னு சொன்ன அன்னைக்கே டிரங்குப் பெட்டியில சேலய எடுத்து வச்சிட்டேன்ளா. கூட வாரியான்னு நீங்க கேப்பியன்னு இருந்தேன்."

என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. கூட வருகிறீர்களா என்று அந்த வீட்டில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அவள் பெற்ற மகனும் கேட்கவில்லை, துரை மட்டும் எப்படிக் கேட்பார்?

அவள் ஒரு கரண்டியைத் துடைத்து வெல்வெட்டில் கிடத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"கப்பல்ல ஏறுனா தல சுத்துமாமே, நெசமாளா?"

"தெரியலயே அத்த" என்றேன்.